மேகனா பேசி முடிக்காத நேர்காணல்

அன்று காலை விஜயநகர் வீட்டில் இருந்தவர்கள் சம்பத்குமாராகிய நான், என் மனைவி ஸரஸா, மருமகள் மேகனா. மேகனாவின் மடிக்கணினித் திரையில் பெங்களூர் அதிகாரிகள் மூவர். மகன் ஹரிப்ரசாத் கறிகாய் வாங்கப் போயிருந்தான். காபி நன்றாக இருந்தது.

ஹரியும் மேகனாவும் ஒரே கம்பெனி. ஸரஸாவுக்கு முட்டி அறுவைச் சிகிச்சை ஆனபோது, மேகனா வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்றேன். ஒப்புக்கொண்டாள். ஹரி அலுவலகம் போய்வந்தான். அப்படியும் அவர்கள் பிரிவின் தலைமைப் பதவிக்கு மேகனா பெயர்தான் வந்தது. அது கிடைத்துவிட்டால் என் மகன் லீவு கேட்டு மனைவிக்கு எழுத வேண்டும். மேலுக்கோட்டைக் கோயிலுக்கு வைரமுடி சேவை உற்சவத்துக்குப் போனால் உறவுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"உனக்கு இது சரியாப் படறதாடா?" என்று ஹரியைக் கேட்டேன்.

"லீவு சுலபமாக் கெடைக்கும்ப்பா," என்று சிரித்தான். "ஆனா அவளுக்குத்தான் கஷ்டம். ஆபீஸ்ல இருக்கறவா பாஸோட காபி குடிச்சே பேர் வாங்கிடறா. இவளுக்கு அந்த ஸ்க்ரீன் ஒண்ணுதான்."

அதை மனத்தில் வைத்துக்கொண்டேன். காலை ஏழுக்குச் செய்துவந்த பெருமாள் திருவாராதனத்தைப் பதினொன்றுக்கு மாற்றினேன். அவளுடைய மீட்டிங் நேரம் அதுதான். மணியோசை பக்கத்து அறைக்கு நன்றாகக் கேட்கும்.

"அப்பா, மணியை ஸ்வல்ப மெதுவா அடிக்கறேளா? பாஸ் நம்மாத்தைக் கோயில்னு நெனச்சுண்டிருக்கார்," என்றாள் மேகனா.

"நெனச்சா நல்லதுதானேம்மா."

அவள் மைக்கை அணைத்து அணைத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். கடைசி நேர்காணல்வரை வந்துவிட்டாள்.

அதனால் அன்று, தன் குழுவைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியதும், அவள் நாற்காலிக்குப் பின்னால் கேமராவில் தெரியும் இடமாகப் பார்த்து நின்றேன். மார்பைப் பிடித்துக்கொண்டேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை. நல்ல இடத்துப் பெண்.

எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். எங்கும் இல்லை என்றேன். எங்கள் வம்சத்தில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது.

கம்பெனியும் மரியாதையாகவே நடந்துகொண்டது. வீட்டில் இவ்வளவு பொறுப்பு இருக்கும்போது மேலும் சுமை ஏற்ற விரும்பவில்லை என்று எழுதினார்கள். தினமும் அலுவலகம் வரும் ஒருவருக்குப் பதவி கிடைத்தது. அன்று இரவு மேகனா எனக்குச் சாத்தமுது சாதம் குழையப் பிசைந்து கொடுத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. சாப்பிட்டேன்.

மாமனாருக்காகப் பதவியையே விட்டுக்கொடுத்தவள் என்று எங்கள் தெருவில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். அது தவறான செய்தி. அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் மயங்கி விழவில்லை. இடம் பார்த்துப் படுத்தேன்.