ராகி மால்ட், ஒரு டம்ளர்

ராகி மால்ட்டைக் கட்டி தட்டாமல் காய்ச்சுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை மேடம். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கிற பாலில் மாவைக் கொட்டுகிறவர்களுக்குத்தான் கட்டி தட்டும். நான் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை. பல வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். லோகநாயகி மிஸ் கத்தினாள் என்று ஒரு பிள்ளை சொல்லாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் மகள் ஸ்ம்ருதி போன வருடம் முதல் தடவையாக நீட் எழுதினாள். பரீட்சை அன்று காலையில் அவளுக்குப் பீரியட்ஸ் வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் அவள் சுருண்டு படுத்துவிடுவாள், அவ்வளவு வலி. அப்படியே போய் எழுதினாள். ஃபிசிக்ஸில் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் என் துப்பட்டாவை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுதாள். மார்க் நானூற்று முப்பத்தொன்று.

பி.எஸ்சி. சேர்ந்துவிடுகிறேன் என்றாள். நான்தான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில், ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்த்துவிட்டேன். அங்கே ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடக்கும். மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளை முன்னும் பின்னுமாக வேறு வேறு செக்‌ஷனில் உட்கார வைப்பார்கள். ஸ்ம்ருதி மூன்று வாரம் ஏறுவாள், ஒரு வாரம் சறுக்குவாள். அது எந்த வாரம் என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு டீச்சருக்கு எவ்வளவு நேரமாகும்?

பீரியட்ஸைத் தள்ளிப்போடுகிற மாத்திரை உங்களுக்கும் தெரிந்ததுதான். கிரகப்பிரவேசம், கோயில், கல்யாணம் என்றால் நம் வீட்டுப் பெண்கள் போட்டுக்கொள்வதில்லையா? என் நாத்தனார் கல்யாணத்துக்கு நானே போட்டிருக்கிறேன். ஸ்ம்ருதியிடம் முதலில் கேட்கத்தான் செய்தேன்.

“வேணாம்மா. வந்தா வரட்டும். இது என் உடம்பு, உன் ஸ்கூல் டைம்டேபிள் இல்ல,” என்றாள்.

அவள் அப்பா வைத்தீஸ்வரன் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாள் பள்ளி முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலுக்குப் போனேன். எங்கள் தெரு மெடிக்கலில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் பம்மல்.

முதல் தடவை ஒரே ஒரு மாதிரித் தேர்வுக்காகத்தான். மாத்திரையை ஸ்பூனின் முதுகால் நசுக்கி, மாலையில் அவள் குடிக்கிற ராகி மால்ட்டில் கலந்தேன். வெல்லம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். அந்த ஞாயிறு அவள் சறுக்கவில்லை. ஏறினாள். பத்து மார்க் இல்லை, அறுபது மார்க். உடனே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஏறுகிற ஒரு கோட்டை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பம்மல் கடைக்காரர் சவுரிமுத்துவை அழைத்து விசாரித்தீர்களாம். அவர்மேல் தப்பில்லை. மூன்றாவது தடவையே கேட்டார். “இன்னாக்கா, மறுபடியும் வந்துகினு கீற. உங்க வூட்ல மாசாமாசம் கல்யாணமா?”

சொந்தக்காரர்கள் அதிகம் என்றேன். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “வுடாம போடாதக்கா. டாக்டராண்ட ஒரு வார்த்தை கேட்டுக்க,” என்றார். நல்ல மனுஷன். அதற்குப் பிறகு நான் வேறு கடைகளுக்குப் போனேன்.

ஸ்ம்ருதி பயந்துபோனாள், அது உண்மைதான். “மூணு மாசமா வரலம்மா. பி.சி.ஓ.டி.யா இருக்குமோ?” என்று கேட்டாள். படிப்பு டென்ஷன்டா கண்ணா, பரீட்சை முடிந்தால் தானாக வரும் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் மாலையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். மேலுதட்டில் பழுப்பாக ஒட்டியிருக்கிற கோட்டை அவள் நாக்கால் துடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். நாள் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று அந்த நிமிடத்தில் நின்றுவிடும். அவளைப் பெற்ற நாளில்கூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை.

ஏப்ரல் மாதிரித் தேர்வில் அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. சென்டர் வாசலில் அவள் போட்டோவை ஒட்டினார்கள்.

அதே வாரம்தான் இடது கால் மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்றாள். உட்கார்ந்தே படிப்பதால் இருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பரீட்சைக்கு முந்தைய புதன்கிழமை, தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். அவள் அப்பா போனில் சத்தம் போட்டதால் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டர். காலை அழுத்திப் பார்த்தாள். ஏதாவது மாத்திரை எடுக்கிறாயா என்று கேட்டாள். ஸ்ம்ருதி இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்த உண்மை அது.

டாக்டர் என்னைப் பார்த்தாள். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி. ஹார்மோன் டேப்லெட் மாதிரி ஏதாவது?”

நான் யோசித்தேன். சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் வந்துவிடும். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு பரீட்சை.

“விட்டமின் மாத்திரைகூடக் கிடையாது டாக்டர்,” என்றேன்.

இன்றைக்கே காலுக்கு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தாள். ஸ்கேன் எடுத்தால் அட்மிட் செய்வார்கள். வெளியே வந்ததும் ஸ்ம்ருதி என் முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாக எடுத்துவிடலாம் என்றேன். சரிம்மா என்றாள். அவள் அப்பாவிடம் தசைப்பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையும் ராகி மால்ட் காய்ச்சினேன். வியாழனும். வெள்ளியும்.

சனிக்கிழமை காலையில், பரீட்சைக்கென்று வாங்கிய அரைக்கை டாப்ஸை அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். லூஸாக இருக்கிறதா என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். காரியம் முடிந்து பல நாள் கழித்து அரிசி டிரம்முக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு, அவள் அப்பாதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் மேசையில் கொண்டுவந்து கொட்டினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

என் மைத்துனர் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அந்த ஞாயிறு மதியம்தான் அவளை எடுத்தோம். இரண்டு மணிக்குப் பெண்களாகச் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டினோம். சரியாக, பரீட்சை தொடங்குகிற நேரம். உடை மாற்றும்போது மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு நானே பார்த்தேன் மேடம். ஒரு துளி கறை இல்லை. போன வருடம் மாதிரி அவளை நான் விட்டுவிடவில்லை.