சூடேற இருபது நிமிடம்

பழைய சின்தசைசர் வாங்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. காசெல்லாம் அப்புறம்தான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய மின்னிசைப் பெட்டி அது. ஆன் செய்ததும் சுருதியில் நிற்காது. உள்ளே இருக்கும் பாகங்கள் சூடேற இருபது நிமிடம் பிடிக்கும். அதற்குள் வாசித்துப் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாளி. சில கில்லாடிகள் நாம் போவதற்கு முன்பே ஆன் செய்து வைத்து, கோளாறை மறைத்து நம் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் நான் வரும்வரை ஆன் பண்ணாதீங்க என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். போனதும் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்க வேண்டும்.

வினுஷா, உங்கள் அப்பாவின் பெட்டி ஜில்லென்றுதான் இருந்தது. விக்னராஜா அங்கிள் நேர்மையான மனிதர், சும்மா சொல்லக் கூடாது. அவர் இறந்த அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை அவருடைய மகளான உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை. 'திடீர்னு சாஞ்சுட்டார்' என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னேன், போலீஸிடமும் சொன்னேன். திடீர் என்பது சரியான வார்த்தை இல்லை.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. வார நாட்களில் பாரமட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறில் பழைய சின்தசைசர் வாங்கி, துடைத்துப் பழுது பார்த்து விற்பேன். பத்து வருஷமாகச் செய்கிறேன், சடகோபன் ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் சொன்னது கிடையாது. உங்கள் அப்பா சிட்னி கல்யாண வீடுகளில் வாசித்த அந்த ஜப்பான் பெட்டி, ஒரே நேரத்தில் ஆறு குரல் பேசும் ரகம். அதை நான் நான்கு வருஷமாகத் தேடினேன். விற்கிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

பெண்டில் ஹில் வீட்டுக்கு நான் போனபோது காலை பதினொரு மணி. "வாங்கோ தம்பி, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பமோ?" என்றார். அப்புறம் குடிக்கலாம் என்றேன். சோதனையின்போது செல்போன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது என் வழக்கம். ஸ்பீக்கரில் கிர்ரென்று இரைச்சல் வந்தால் அது போனால் வந்ததா பெட்டியால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும். அவர் போனை வாங்கி, அவர் குசினி என்று காட்டிய சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். என் போனையும் அதோடு சேர்த்துத்தான் வைத்தேன். இதில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை.

நான் பெட்டியை ஆன் செய்த பிறகுதான் அவர் அதைச் சொன்னார். "மகளுக்கு இதை விக்கிறது துண்டற விருப்பமில்லைத் தம்பி. காலமைதான் சொன்னனான். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போட்டு வந்து கதைக்கிறன் எண்டவ." நீங்கள் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

நான்காவது நிமிடம் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். விற்கிறவர்களுக்கு இது சகஜம். காம்ப்சியில் ஒருவர் பெட்டியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். ஆபர்னில் ஒரு அம்மா வாந்தியே எடுத்தார். "பிரியறப்ப எல்லாருக்கும் அப்படித்தான் அங்கிள் இருக்கும், தண்ணி குடிங்க" என்று நானே கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் மனதார அப்படித்தான் நம்பினேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

எட்டாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் மாதக் குளிர், வீட்டில் ஹீட்டர்கூட ஓடவில்லை. அவருக்குச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. இடது கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்தார். என் மாமனாருக்கு இதே மாதிரி வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அவர் இன்றைக்கும் கோயம்புத்தூரில் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார்.

"தம்பி, பிள்ளைக்கு ஒருக்கா போன் எடுத்துத் தாங்கோ" என்றார் உங்கள் அப்பா. மரியாதையாகத்தான் கேட்டார். "சரி அங்கிள், இன்னும் பன்னிரண்டு நிமிஷம்" என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே நீங்களும் வருவீர்கள். அவர் பிழைத்தால் மகள் பேச்சைத் தட்ட மாட்டார், விற்க மாட்டார். பிழைக்காவிட்டால் அப்பாவின் ஞாபகம் என்று நீங்கள் வைத்துக்கொள்வீர்கள். எந்த வழியில் போனாலும் எனக்குப் பெட்டி இல்லை. பெட்டியை உடனே காரில் ஏற்றிவிட்டுப் போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சோதிக்காமல் வாங்குவது என் வழக்கம் இல்லை. பாதியில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து சூடேற்ற வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன். ஐந்தாவது குரல் மட்டும் கொஞ்சம் அலைந்தது; பதினெட்டாவது நிமிடத்தில் அதுவும் சுருதிக்கு வந்துவிட்டது. இருபது ஆனதும் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஆறு குரலும் சுத்தம். "எடுத்துக்கறேன் அங்கிள்" என்றேன். அவர் தலை லேசாக ஆடியது. அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அணைத்து, போர்வையில் சுற்றி, காருக்குத் தூக்கிப் போனேன். ஒற்றை ஆள் தூக்கும் கனம் இல்லை அது, நடுவில் ஒருமுறை கீழே வைத்துத்தான் எடுத்தேன். கூடத்தில் அவ்வளவு பெரிய சாமான் கிடந்தால் ஸ்ட்ரெச்சர் எப்படி உள்ளே வரும்? திரும்பி வந்து குசினிக்குப் போய் என் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அப்போது அவருக்கு மூச்சு இல்லை. போனில் அந்தப் பெண் சொன்னபடி, அவர்கள் வரும்வரை நெஞ்சை அழுத்தினேன். கை கழன்றுவிடும் போல வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பேசிய விலையை அன்று மாலையே அவர் கணக்கில் போட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நீங்கள் அழைத்திருக்காவிட்டால் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு நீங்களே பரிமாறினீர்கள். உங்கள் யோகா ஆன்ட்டியிடம் என்னைக் காட்டி, "இவர்தான் கடைசியில அப்பாவோட நிண்டவர். இவர் இல்லாட்டி அப்பா தனியப் போயிருப்பார்" என்றீர்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

அப்புறம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதீர்கள். "கோயிலடியில சிக்னல் இல்லை அண்ணா. ரோட்டுக்கு நடந்து வந்துதான் எடுத்தனான். மூண்டு தரம் எடுத்தனான். அதுக்குள்ள அப்பா போயிட்டார் என்ன? நான் பிந்திட்டன் என்ன?" என்று கேட்டீர்கள். சாப்பிட்ட இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், வினுஷா, பொய் சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு பெண் தன்னையே நொந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மனசு கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போலீஸில் கொடுப்பதென்றால் கொடுங்கள், நான் மறுக்க மாட்டேன். பெட்டியும் என் வீட்டில்தான் இருக்கிறது, விற்க மனம் வரவில்லை.

நீங்கள் பிந்தவில்லை. மூன்று தடவையும் அவர் உயிரோடுதான் இருந்தார். குசினியில் மணி அடித்தது மூன்று தடவையும் அவருக்குக் கேட்டது. முதல் தடவை எழும்பப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை "என்ர பிள்ளை" என்றார். மூன்றாவது தடவை பேச்சு வரவில்லை, கையை மட்டும் குசினிப் பக்கம் நீட்டினார். இது தெரிந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.