பன்னிரண்டாவது இடம்

எங்கள் சேலையூர் கேம்ப் ரோட்டு ஓட்டலில் வெண்பொங்கல் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். ஞாயிறு என்றால் ஒன்பதுக்கே.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் காட்டும் புரோகிராமை எழுதியவன் நான். அதற்கு வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகாததுதான் பாக்கி. மாதம் இரண்டு முறை படுத்துக்கொள்ளும். "சுந்தர்சிங் சார் வந்தாத்தான் எழுந்துக்கும்" என்பார்கள். காதுக்கு இதமாக இருக்கும்.

பிறகு ஜென்சி வந்தாள். நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தேறிய பெண். புரோகிராம் ஓடும் பழைய சர்வரோடு புதியது ஒன்றை ஜோடி சேர்த்தாள். ஒன்று விழுந்தால் மற்றது அரை நிமிடத்தில் பொறுப்பேற்கும்.

"இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம் சார்."

தூங்குவதற்கா அதைப் பெற்றேன்?

பழைய சர்வரின் முகவரியைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன். மாற்றவேண்டும், எத்தனை இடத்தில் என்று கேட்டாள். பதினொன்று என்றேன். உண்மையில் பன்னிரண்டு. சொல்லாமல் விட்டது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று காட்டும் கட்டம். பழைய சர்வர் நின்றால் அதற்கு மட்டும் பதில் வராது. பதில் வராவிட்டால் 'இல்லை' என்று விழும். விவரம் இல்லை என்ற அர்த்தத்தில்தான் அன்று எழுதினேன்.

ஞாயிறு காலை ஒத்திகை. ஜென்சி பழையதை நிறுத்தினாள், புதியது ஏற்றுக்கொண்டது. கைதட்டினார்கள். நானும்தான். சாயங்காலம் வரை பழையது நிற்கட்டும், நீங்கள் கிளம்பலாம் என்றாள். சேலையூர் திரும்பிப் பொங்கலுக்கு உட்கார்ந்தேன். வார்டிலிருந்து சிஸ்டர் ஹில்டாவின் போன்.

"சார், தினகரன்னு ஒருத்தர், நினைவில்லாம கிடக்கார். பென்சிலின் போடச் சொல்றாங்க. போன தடவை ஏதோ ஒத்துக்கலைன்னு ஞாபகம். ஸ்கிரீன்ல இல்லைன்னு வருது."

"ஸ்கிரீன்ல வர்றதுதாம்மா."

"நிச்சயமா சார்?"

"நான் எழுதினதும்மா."

கொஞ்சம் தடிக்கும், அரிக்கும், பழைய சாரைக் கூப்பிடு என்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். போய், பன்னிரண்டாவது இடத்தைத் திருத்தினேன். இரண்டு நிமிட வேலை. 'பென்சிலின் கூடாது' என்று சிவப்பில் வந்தது. அதற்குள் தினகரன் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவர் மனைவி ஜெயக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாரு, இல்ல சார்?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு வேண்டியவனாக நினைத்ததில்லை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். உள்ளே தேடிப் பார்த்தேன் சார். பதில் ஏதும் வரவில்லை.

'இல்லை' என்றே எழுதிக்கொள்ளுங்கள்.