கண்ணாடி இறங்கிய கார்

சமையலறை ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரிப்பதுதான் எனக்கு வசதி. காற்று வரும், கண் எரியாது. அந்த ஜன்னலை ஒட்டி எதிர்வீட்டுக்காரர்கள் கார் நிறுத்தினார்கள் என்றால் அது என் குற்றமில்லை, ஐயா. அவர்கள் வீட்டு முன்னால் இடமில்லை. என் சுவரோரம் இருந்தது. நான்தான் நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

தெருவில் என்னை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்பார்கள். எனக்கு வருத்தமில்லை. ரேடியோவாவது வந்ததையெல்லாம் கொட்டிவிடும். நான் பாதியை எனக்கென்று வைத்துக்கொள்வேன்.

எதிர்வீட்டில் இரண்டே அறை. அவன், அவன் மனைவி, அப்பா, அம்மா, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்ட தங்கை. தும்மினால்கூட நான்கு பேர் காரணம் கேட்கிற வீடு. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால், "கடைக்குப் போயிட்டு வர்றோம்மா" என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று கை மாறி வந்த பழைய கார். என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். ஒரு முழம் தள்ளி நான் நிற்பேன். இரண்டு வாய் அசைவது தெரியும், ஒரு சொல் காதில் விழாது. ஊமைப்படம்.

அந்தக் கோடையில் ஏசி தானாகவே நின்றுபோனது. அதில் என் கை இல்லை. கண்ணாடிகள் இறங்கின.

ஐயா, அவள் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாமியாருக்கு 'மேலிடம்' என்று பேர் வைத்திருந்தாள். "இன்னிக்கு மேலிடம் என் சாம்பார்ல மூணு குத்தம் கண்டுபிடிச்சிருக்கு. நாளைக்குத் தீர்ப்பு" என்பாள். அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பான். இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். பிறகு குரல் தாழும். இரண்டு முறை தரித்தும் தங்கவில்லை என்பதும், மூன்றாவது தரித்திருக்கிறது, வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் இப்படித்தான் எனக்குத் தெரிந்தன. நான் தனியாக இருக்கிறவள். என்னிடம் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. சந்து முனையில் கேட்ட தலையையும் மாடிப்படியில் கேட்ட வாலையும் நானே ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். அங்கே எல்லாம் முழுசாகக் கிடைத்தது.

பிறகு மெக்கானிக் வந்தான். நல்ல பையன், வாய் ஓயாதவன். நான் டீ கொடுத்து டார்ச்சும் பிடித்தேன். "பாருங்கக்கா, காத்து ஊதுற மோட்டார் சிக்கிக்கிச்சு. அதுல இந்தச் சின்ன ஃபியூஸ் எரிஞ்சுபோச்சு. இது போச்சுன்னா ஏசி இருந்தும் பிணம்தான்." ஸ்டியரிங்குக்குக் கீழே அது எங்கே செருகியிருக்கிறது, எப்படி உருவ வேண்டும் என்றும் காட்டினான். நான் கேட்டேன், காட்டினான். "மழைக்காலத்துல கண்ணாடியில ஆவி படியுதுல்ல, அதை விரட்டுறதும் இதே காத்துதான். இல்லேன்னா முன்னாடி யானை நின்னாலும் தெரியாது" என்றும் சொன்னான். அதைக் கேட்கவில்லை என்று நான் சொன்னால் இந்தத் தெருவே சிரிக்கும்.

மோட்டாரை மாற்றி, புது ஃபியூஸ் போட்டான். எரிந்ததை வாசலில் எறிந்தான். வாசலில் குப்பை கிடந்தால் பொறுக்குவது என் வழக்கம்.

கண்ணாடிகள் ஏறிக்கொண்டன. மறுபடி ஊமைப்படம். நான் நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன்.

காரின் இன்னொரு சாவி என்னிடம்தான் இருந்தது. குழாய் வேலை, குப்பை வண்டி என்று யாராவது வந்தால் காரை நகர்த்த வேண்டுமே. கார் நிற்பது என் சுவரோரம், வருகிறவர்கள் தட்டுவது என் கதவைத்தான். "அக்காகிட்ட இருந்தா நம்மகிட்ட இருக்கிற மாதிரி" என்று அவள்தான் கொடுத்தாள். நல்ல ஃபியூஸை உருவி, எரிந்ததைச் செருகினேன். புடவைக்கு ஊக்கு குத்துகிற நேரம்கூட ஆகவில்லை. நல்லதை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தேன்.

மெக்கானிக் எப்போது வருவான் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும், காரில்தானே பேசிக்கொள்வார்கள். அவன் வருவதற்குள் நல்லதைத் திரும்பச் செருகிவிடுவேன்.

"இப்ப ஓடுதேங்க!" என்பான் அவன்.

"நீங்க வந்தா ஓடும், நீங்க போனா படுத்துக்கும். எங்க நாத்தனார் மாதிரி. ஆள் பார்த்தாத்தான் வேலை செய்வா" என்பாள் அவள்.

சுவிட்சை மாற்றினான். ஒயரைப் பிரித்துப் புதிதாக இழுத்தான். டாஷ்போர்டையே கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "எல்லாத்தையும் மாத்திட்டேன்க்கா, இனிமே என்னைத்தான் மாத்தணும்" என்றபோது அவன் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது. இன்னொரு டீ கொடுத்தேன்.

அந்தக் காலையில் மழை கொட்டியது. அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறான் என்று எனக்குத் தெரியும். காரில் இருந்தது எரிந்த ஃபியூஸ். கண்ணாடி நான்கும் ஏறியிருந்தன, உள்ளே ஒரே வெள்ளை. அவன் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

"அக்கா, ஒரு பழந்துணி குடுங்களேன். கண்ணாடி பால் மாதிரி ஆயிடுச்சு."

அலமாரிக்குக் கை நீட்டினேன். உப்பு ஜாடிக்குப் பின்னால் ஃபியூஸ், பக்கத்தில் கிழிந்த தலையணை உறை. உறையை எடுத்துக் கொடுத்தேன். அந்த இடைவெளியில் அவள் பேசுவது கேட்டது. "இந்தத் தடவை மட்டும் நல்லபடியா இருந்துச்சுன்னா, மேலிடத்துகிட்ட நானே..." கண்ணாடி ஏறிவிட்டது. "மெதுவாப் போப்பா" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் நின்றிருந்த லாரியை அவன் பார்க்கவே இல்லை. துணி அவன் கையிலேயே இருந்ததாம். அவள் பிழைத்துவிட்டாள், மூன்றாவதும் தங்கவில்லை. தினமும் போய்க் கட்டிலருகே உட்காருகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான்க்கா" என்கிறாள். அப்போது அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை.

எரிந்த ஃபியூஸைக்கூடக் கவனிக்காதவன் என்று அந்த மெக்கானிக் பையனைப் பிடித்து வந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனும் "என் தப்பாத்தான் இருக்கும்" என்கிறானாம். அவன் மேல் தப்பில்லை. இதோ, நல்ல ஃபியூஸ். உப்பு ஒட்டியிருக்கும், துடைத்துக்கொள்ளுங்கள்.

அவன் துணி கேட்டபோதே ஃபியூஸை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கொடுத்தால் அது என்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆவி தாங்காமல், போகும்போதும் வரும்போதும் கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும், திரும்பி வந்து நிறுத்தும்போது ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பது காதில் விழும் என்று நினைத்தேன். அவன் கண்ணுக்கு வழி தெரியாது என்பது தெரிந்தேதான் துணியை நீட்டினேன். அவனைக் கொன்றது நான்தான், ஐயா. ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

ஒட்டுக் கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன். சமையலறை ஜன்னலைக்கூட ஆணி அடித்து மூடிவிட்டேன். பக்கத்து அறையில் அழுகிறாளே, அது அந்த மெக்கானிக்கின் மனைவிதானே? உங்கள் ஆளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே ஒரே புழுக்கமாக இருக்கிறது, ஐயா. அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்களேன்.