கண்ணாடி போட்ட ஆள்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. சூடுதான் கொஞ்சம் குறைவு. நாற்பத்தாறு டிகிரி இருக்கலாம். சூடு காட்டும் என் கருவி உங்கள் மேஜை டிராயரில் கிடப்பதால் நிரூபிக்க வழியில்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. கத்தோலிக்கர்கள் முழங்காலில் நின்று ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிற காரியத்தை நான் வெள்ளைத்தாளில் முடிக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் எழுதினால் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அருமைநாயகம். பிறந்தது நாசரேத், குடியிருப்பது முத்தையாபுரம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். ஒளி எதிரொளிப்புப் பாடத்தை நான் நடத்தினால் கரும்பலகையே தலையாட்டும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கருவியை அனுப்பியது என் மகன் அபிலாஷ், மஸ்கட்டிலிருந்து. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். போனில் சார்ஜர் குத்துகிற இடத்தில் குத்தினால் உலகமே நிறம் மாறிவிடும். சூடான இடமெல்லாம் சிவப்பு, குளிர்ந்த இடமெல்லாம் நீலம். சுவருக்குள் வயர் சூடாகிறதா என்று பார்த்துக்கொள்ள உதவும் என்றான். வேலை வெட்டி இல்லாத மனிதன் கையில் இப்படி ஒன்றைக் கொடுக்கலாமா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். தகப்பனைப் பற்றிப் பிள்ளைகள் யோசிப்பதில்லை.

முதல் வாரம் நான் சும்மா இருந்த நேரமே கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்து போனவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் வெளியே நழுவிய மூப்பர் ஒருவரின் இடம் பெஞ்சில் சிவப்பாகத் தெரிந்ததை அவருடைய மனைவிக்கே காட்டினேன். இட்லிச் சட்டியில் ஓரத்து இட்லி வேகவில்லை என்று அறிவித்தேன். 'அத திங்கிறவுக சொல்லட்டும். அந்த போன அங்கிட்டு கொண்டு போங்க' என்றாள் தேவகனி. அவள் என் மனைவி. அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மொட்டை மாடியில் கால் வைத்த உடனே, 'கச்சான் ஓஞ்சிட்டு, கொண்டல் திரும்பிட்டு' என்பாள். மேல்காற்று நின்று கீழ்காற்று வீசுகிறது என்று அர்த்தம். வற்றலை எந்த மூலையில் காயப்போட வேண்டும் என்று தெருப் பெண்கள் அவளிடம்தான் கேட்பார்கள்.

என்னிடம் கேட்டது தண்ணீர் டேங்க் விஷயம். பிளாஸ்டிக் டேங்கைக் கருவியில் பார்த்தால் தண்ணீர் நிற்கிற உயரம் வரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம். ஏறிப் பார்க்கவே வேண்டாம். இந்த வித்தை தெரிந்ததும் தெருவில் எனக்குச் 'சூட்டு சார்' என்று பெயர் வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் மத்தியானம் என்ன குழம்பு என்றுகூட என்னால் சொல்ல முடியும் என்று பலசரக்குக் கடை பர்னபாஸிடம் அளந்துவிட்டிருந்தேன். அவன் நம்பினான். ஒரு ஆள் நம்பினால் எனக்குப் போதும்.

கிழக்குப் பக்கத்து வீட்டு விஜிலாவும் ஒருநாள் மதில் ஓரமாக நின்று கேட்டாள். 'சார், மோட்டாரப் போட்டுட்டு மறந்துருதேன். தெருவே குளமாயிருது. டேங்க்ல எவ்வளவு கெடக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.' அவள் கணவன் ரெக்சன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன், என் பழைய மாணவன். அவளும் நான்கு வயது மகன் பெவினும் மட்டும்தான் அந்த வீட்டில். கேட்ட உதவியை நான் பொறுப்போடு எடுத்துக்கொண்டேன். விடியற்காலை குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டு வெளிப்புற மாடிப்படியின் நடுத்திட்டில் போய் நிற்பேன். தினமும். அங்கிருந்து கை நீட்டினால் விஜிலாவின் படுக்கையறை ஜன்னலைத் தொடலாம். இது கொஞ்சம் மிகை. ஆறடி இருக்கும்.

அந்த அறைக்குப் புதிதாக ஏசி போட்டிருந்தாள். அதனால் ஜன்னல் கண்ணாடி எப்போதும் மூடியே இருக்கும், உள்ளே திரையும் போட்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கருவிக்குத் தெரிந்தது.

சிவப்பாக ஒரு ஆண். சந்தேகமே இல்லை. அகன்ற தோள், சற்றே தொப்பை. கண்ணிருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. ஆகவே கண்ணாடி போட்டவன். கருவியில் மூக்குக் கண்ணாடி அப்படித்தான் தெரியும். தோளில் நீலமாக ஒரு வார். ஆகவே பை மாட்டியவன். கையை முகத்துக்கு நேரே தூக்கியிருந்தான். ஆகவே போன் பேசுகிறவன். ஏசி மெக்கானிக் அனிஷ் கண்ணாடி போட்டவன். தோளில் கருவிப்பை மாட்டுபவன். கேஸ் கசிகிறது என்று அந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்து போனவன். தொப்பை மட்டும் அவனுக்குக் கிடையாது. அறிவியலில் சிறு பிழைகளை அனுமதிக்க வேண்டும்.

படம் எடுத்துக்கொண்டேன். பர்னபாஸிடம் காட்ட மட்டும் செய்தேன் என்று நேற்று சொன்னேன். திருத்திக்கொள்கிறேன்: அவனுக்கு அனுப்பினேன்.

'யாரு வீட்டு ஜன்னல் சார் இது?' என்று கேட்டான்.

'நான் சொல்லலே.'

'கம்பியில சிலுவ போட்டிருக்கே. விஜிலா வீடுல்லா.'

'நான் சொல்லலே' என்று மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது கொஞ்சம் சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் படம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து கடல் தாண்டி ரெக்சனின் கப்பலுக்கும் போனது. அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்தவை. பள்ளிக்கூடத்தில் முன்வரிசைகூட நான் சொன்னதைக் கவனித்ததில்லை. இப்போது தெருவே கவனித்தது. கண்ணாடியையும் பையையும் பார்த்து அனிஷ் பெயரைத் தெருவே சொல்லிக்கொண்டது. 'சார், கண்ணாடிக்காரன் இன்னைக்கு வந்தானா?' என்று கேட்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன். விஜிலாவுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட செய்தி எல்லோரையும் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் உரியவரிடம் வரும். அவள் கீழவைப்பாரில் அம்மா வீட்டுக்குத் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். 'சார் இருக்கியள்லா, எனக்கென்ன பயம்' என்று சொல்லித்தான் கொடுத்தாள். தேவகனி அதைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் விடியற்காலையும் நான் படியில் நின்றேன். பூட்டிய வீட்டின் டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான்.

அவன் இருந்தான். அதே கண்ணாடி, அதே வார், அதே கை. சாவி எங்கள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, பூட்டிய வீட்டுக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆளைப் பூட்டி வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள் என்று பர்னபாஸிடம் எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். நெற்றி வியர்த்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அவனும் தூக்கினான்.

துண்டை உதறினேன். அவனும் உதறினான்.

வெப்பக் கதிருக்கு ஜன்னல் கண்ணாடி ஒரு சுவர் மாதிரி, அம்மா. அதைத் தாண்டி உள்ளே எதுவும் தெரியாது. விடியற்காலைக் குளிரில் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகி, எதிரே நிற்பவனுடைய சூட்டையே அவனுக்குத் திருப்பிக் காட்டும். ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழன் ஒருவன் இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆயிற்று. அந்தக் கறுப்புப் பட்டை என் மூக்குக் கண்ணாடி, தூக்கிய கையில் இருந்தது என் போன், அந்த வார் என் ஈரத் துண்டு. அந்தத் தொப்பை தேவகனியின் சமையல். படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உலகத்தில் தன் பிம்பத்தின் மேலேயே புகார் கொடுத்த முதல் இயற்பியல் வாத்தியார் நான்தான்.

சிரித்து முடித்துக் கீழே இறங்கியபோது வாசலில் ரெக்சன் நின்றுகொண்டிருந்தான். விமானத்தில் இறங்கி நேரே என்னிடம் வந்திருந்தான். பெட்டியைக்கூட கீழே வைக்கவில்லை. பல நாள் தூங்காத முகம்.

'சார், நீங்க எனக்குப் பாடம் எடுத்தவுக. ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுதான். நான் உங்ககிட்ட மட்டும் கேக்கேன். அந்த ஜன்னல்ல ஆள் உண்டா, இல்லியா?'

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்போ படத்தில் இருப்பது யார்? அதற்கடுத்தது: விடியக்காலையில என் வீட்டு ஜன்னலுக்கு நேரா உங்களுக்கு என்ன சார் வேலை? பையன் ஒவ்வொரு கேள்வியாகத்தான் கேட்பான். பதில் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு படி இறக்கம். சூட்டு சார் என்ற பெயர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

'உண்டு' என்றேன்.

'சத்தியமா?'

'சத்தியமா.'

எதிரொளிப்புப் பாடத்தில் ரெக்சன் ஒழுங்காகப் படித்திருந்தால் படத்தைப் பார்த்ததுமே என்னைப் பிடித்திருப்பான். அதில் அவன் எடுத்தது பாஸ் மார்க்தான். நடந்ததில் அவனுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று நான் நினைப்பது அதனால்தான்.

பர்னபாஸ் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அனிஷிடம் ரெக்சன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அனிஷின் பையிலிருந்த ஸ்பானரையே உருவினான். அனிஷ் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். அடி கையில் விழுந்தது. மறுபடியும் அதே கையில் விழுந்தது. 'ஏலே, என்னன்னு சொல்லிட்டு அடில' என்றுதான் அனிஷ் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் பத்தடி தள்ளி நின்றேன், கையில் போனோடு.

அடிபட்ட இடம் கருவியில் உடனே சிவக்காது, அம்மா. சற்று நேரம் கழித்துத்தான் மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாகச் சிவப்பு பரவும். இது எனக்குப் புதிய தகவலாக இருந்தது.

ரெக்சன் ஊருக்கு வந்துவிட்டான் என்று யாரோ போன் செய்ய, விஜிலா ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். பிள்ளையோடு வந்து இறங்கினாள். தலையில் பூ வைத்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்து, அனிஷைப் பார்த்து, கணவனைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தாள். 'சார், நீங்களாவது சொல்லுங்க சார்' என்றாள். நான் கருவியின் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் கருவியில் நீலமாகத் தெரியும். கன்னத்தில் இரண்டு நீலக் கோடுகள். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விஷயம் அது, நானே கண்டுபிடித்தது.

பெவினை ரெக்சனின் அம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விஜிலா கீழவைப்பாருக்கே திரும்பிப் போனாள். பிள்ளையைப் பார்க்க வந்தவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. அனிஷின் வலது கையில் மூன்று விரல்தான் மடங்குகிறது. ரெக்சன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான். இத்தனைக்கும் நடுவில் நான் நாள் தவறாமல் குளித்தேன், துண்டைத் தோளில் போட்டேன்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஜன்னலில் நின்றது அனிஷ் இல்லை, வேறு யாரும் இல்லை, நான். அது நான்தான் என்று தெரிந்த பிறகுதான் ரெக்சனிடம் சத்தியம் செய்தேன். இருந்தாலும் நான் சொன்னது முழுப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஜன்னலுக்கு தினமும் ஒரு ஆள் வந்தது உண்மைதானே.

ஒரே ஒரு படம்தான் எடுத்தேன் என்று நேற்று சொன்னேன். நீங்கள் போனைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனீர்கள், வெகுநேரம். அதில் ஒரு டேங்க்கூட இல்லையே சார் என்றீர்கள். விளக்கம் தருகிறேன். தண்ணீர் மட்டத்தை நான் மனதிலேயே குறித்துக்கொள்வேன்.

உங்கள் கான்ஸ்டபிள் என்னை ஜீப்பில் ஏற்றும்போது தேவகனி வாசலுக்கு வந்து அவரிடம் சொன்னாளாம். 'விஜிலா வீட்டு டேங்க் தெருவப் பாத்து தெக்கால்லா இருக்கு. இவுக நின்னது கெழக்க பாத்து. அங்கன நின்னா அந்த ஜன்னலத் தவிர ஒண்ணும் தெரியாது.' அதையும் வழக்கில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் தண்ணீர் பார்க்கத்தான் போனேன், அம்மா. தேவகனிக்குத் திசை தெரியாது.