பெருக்குத் தண்ணீர் ஊற்றிய கம்ப்யூட்டர்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கணவர் மடியில் ஈரம் காயாத கம்ப்யூட்டர் பெட்டி.

“கம்ப்யூட்டருக்குப் பெருக்குத் தண்ணி ஊத்துன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“அம்மா ஆத்துலேர்ந்து குடத்துல கொண்டாந்தாங்க. மொதத் தண்ணி இதுவா இருக்கட்டும்னாங்க.”

“கம்ப்யூட்டர் சூடு தணிக்க ரெடிமேடாவே விக்குது, தண்ணிய உள்ள அடைச்சு சீல் வெச்சு. அதை வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“கட்டுப்படியாகாதுன்னுதான் பம்பு, குழாய்னு தனித்தனியா வாங்கி நானே மாட்டுனேன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் ஓடுச்சு.”

“அப்புறம் மூட்டுல கசிஞ்சு ஹார்ட் டிஸ்க் மேலயே பாஞ்சுது. அதுக்குப் பம்பு எதுக்குங்க? மதகைத் தொறந்து விட்டிருக்கலாம்.”

“உள்ள இருக்குற கல்யாண வீடியோவைக் கடையில எடுத்துக் குடுத்துடுவாங்க.”

“குடுக்கலைன்னா? கேமரா கார்டு?”

“அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சுட்டேன்.”

அந்தம்மாவின் செல்போனில் வாட்ஸ்அப் செய்தி வந்த சத்தம்.

“அந்தக் கல்யாணத்துப் பொண்ணுதாங்க.”

“அப்பா போன மாசம் தவறிட்டாரே, அதுவா?”

“‘அக்கா, முழு வீடியோவை மெதுவாக் குடுங்க. அப்பா பேசுறதை மட்டும் இன்னிக்கே அனுப்புங்க’ன்னு போட்டிருக்கு.”

“தொறக்காத. பாத்தது தெரிஞ்சுடும்.”

“பாத்துட்டேங்க. அது இன்னும் டைப் பண்ணிக்கிட்டிருக்கு.”