மூடாத மூடி

— மறுபடியும் தூங்கிடுச்சு. நான் உக்காந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, தம்பி.

— பேட்டரி எவ்வளவு காட்டுச்சு, அக்கா?

— எண்பத்திரெண்டு. பேட்டரி மேல பழி போடாதே. போன வாரம் நீயே புதுசு மாத்தின.

— பாரேன், இதே லேப்டாப் என் கடையில ரெண்டு நாள் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருந்துச்சு. படம் ஓட விட்டேன், சும்மா போட்டு வெச்சேன், சார்ஜரைப் பிடுங்கினேன். கண்ணை மூடணுமே.

— அதைப் பதினொரு மணிக்கு செயலாளர் அம்மாகிட்ட சொல்லு. இன்னைக்கு எங்க தையல் சங்கக் கூட்டத்துல முடிவு எடுக்கப் போறாங்களாம். பத்து லேப்டாப்லயும் உன் லினக்ஸைத் தூக்கிட்டு, பழைய சிஸ்டத்தையே போட்டுக்கலாம்னு.

— நேரா உன்கிட்டயே சொன்னாங்களா?

— தையல் கூடத்துல அத்தனை பேரும் கேக்கத்தான் சொன்னாங்க. உங்க தம்பி கொடுத்தது ஓசிதானே, ஓசி அப்படித்தான் உழைக்கும்னாங்க.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்ல? சட்டைக்குக் கழுத்து வரைஞ்சிட்டு இருக்கேன், பாதி வளைவுல திரை இருட்டாயிடுது. அந்த நேரத்துல வாய் திறந்து உனக்காகப் பேச முடியுமா?

— இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நான் செஞ்சதை வரிசையா சொல்றேன், எங்க கோட்டை விட்டேன்னு பாரு. சும்மா இருந்தா தானா தூங்குற நேரத்தை எடுத்துட்டேன். கரண்ட் மிச்சம் பிடிக்கிற புரோகிராமை நிறுத்திப் பாத்தேன். பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போய்ப் பாத்தேன். ஒண்ணும் மசியல.

— இரு. நீ மிஷினையே பாத்துட்டு இருந்த. நான் மேஜையைப் பாத்தேன். வாசல் பக்கத்துல ஒரு இடதுகைக்காரி உக்காருவா இல்ல? அவளோட லேப்டாப் ஒரு நாளும் தூங்கினதில்ல. ராசியான லேப்டாப்னு கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக்கிட்டு, என்னோடதை அவகிட்ட கொடுத்தேன். திங்கக்கிழமை.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா?

— கேளு முதல்ல. அவளோட ராசிக்காரன் என்கிட்ட வந்து அரை மணியில குறட்டை விட்டுட்டான். என்னோட தூங்குமூஞ்சி அவகிட்ட போய் இன்னிய வரைக்கும் முழிச்சிருக்கு.

— அப்போ கோளாறு லேப்டாப்ல இல்ல.

— ஆள்கிட்ட இருக்கு. அதுக்கு மேல எனக்கு ஓடல.

— மூணு வாரமா பத்தையும் பிரிச்சு மேஞ்சிருக்கேன். இது எனக்குத் தோணவே இல்ல அக்கா.

— எப்படித் தோணும்? மிஷினைத்தானே கடைக்குத் தூக்கிட்டுப் போன. எங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— சரி, லாக்கை, அதான் லேப்டாப் தானே எழுதி வைக்கிற குறிப்பைத் திறக்கிறேன். லினக்ஸ்ல எனக்குப் பிடிச்ச சமாச்சாரமே இதுதான். எதுக்குத் தூங்கினேன்னு ஒரு வரி எழுதி வெச்சிட்டுத்தான் தூங்கும். இப்பத்தானே போச்சு, பத்து பதினாலுக்கு. பாரேன்... என்ன இது?

— சத்தமா படி.

— 'மூடி மூடப்பட்டது.' அவ்வளவுதான்.

— விரியத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன்டா.

— நேத்தும் அதே வரி ஏழு தடவை இருக்கு. போன வாரமே இதைப் பாத்தேன். நீங்க வேலை முடிஞ்சு மூடினதாக்கும்னு தாண்டிப் போயிட்டேன். முட்டாள், நேரத்தையாவது பாத்திருக்கணும்.

— அப்புறமா திட்டிக்கோ. மூடினது அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு?

— கண் இல்ல. திரையோட ஓரத்துல, உள்பக்கம், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதா ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். கீழே, நாம உள்ளங்கை ஊணுற இடத்துக்கு அடியில, காந்தம் கிட்ட வந்தா உணர்ற சில்லு ஒண்ணு இருக்கும். மூடினா காந்தம் நேரா அந்தச் சில்லு மேல வந்து நிக்கும். உடனே மூடியாச்சுன்னு முடிவு பண்ணித் தூங்கிடும். தேயறதுக்கும் உடையறதுக்கும் அதுல ஒண்ணுமே இல்ல. ரொம்ப அழகான வேலை அக்கா.

— எந்தப் பக்கம் அந்தச் சில்லு?

— இந்த மாடல்ல இடது மூலை. ஏன், திடீர்னு முகம் மாறுது?

— லேப்டாப்பை எழுப்பு. என் இடது கையை அந்த மூலையில வைக்கிறேன். நீ திரையை மட்டும் பாரு.

— போச்சு.

— எடுத்துட்டேன்.

— வருது... வந்துடுச்சு. மறுபடி வை.

— இரு, இப்போ கை வேணாம். மணிக்கட்டுல கட்டியிருக்கிற இந்தப் பட்டையை மட்டும் கழட்டி அதே மூலையில வைக்கிறேன்.

— போச்சு. அதுக்குள்ள என்ன இருக்கு?

— தகடு மாதிரி காந்தம். குண்டூசி ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆள் உயரப் பொம்மை மேல துணியைக் குத்தி அளவு பாப்போம், ஊசி மணிக்கட்டுல இருக்கும். அப்படியே வந்து உக்காந்து லேப்டாப்ல அளவைத் திருத்துவோம். வலது கையால குத்துறதால பட்டை இடது கையில.

— இடதுகைக்காரிக்கு வலது கையில. சில்லுப் பக்கமே வராது. அக்கா, உன் மூளைக்கு முன்னாடி நான் எல்லாம் கடையைச் சாத்தணும்.

— சாத்தாதே, எனக்கு வேற தம்பி இல்ல.

— இந்தப் பட்டை எப்போ வந்துச்சு?

— போன மாசம். இப்போ எல்லாரும் கட்டுறாங்க.

— தூங்க ஆரம்பிச்சதும் அப்போதானே. லேப்டாப் முன்னாடி உக்காருறவங்க கையில காந்தத்தைக் கட்டிவிட்ட அந்த மகா அறிவாளி யாரு?

— வாயை அடக்கு. அது வந்ததுல இருந்து இந்தத் தரையில ஒரு குண்டூசி கிடக்கல. ஒருத்தி காலிலயும் ஏறல. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு பேர் நொண்டிக்கிட்டுப் போவாங்க.

— கோச்சுக்காதே. மூடினாலும் தூங்காதேன்னு ஒரே ஒரு வரி எழுதிடறேன், வேலை முடிஞ்சது. யார்கிட்டயும் எதுவும் விளக்க வேண்டியதில்ல.

— சாயங்காலம் மூடிப் பைக்குள்ள வெச்சா?

— உள்ளேயே முழிச்சிட்டு இருக்கும்.

— வெந்து, காலையில பேட்டரி செத்துக் கிடக்கும். மறுபடியும் உன் பேர்தான் நாறும். வேணாம். பட்டையை நாலு விரல் மேல, முழங்கைப் பக்கம் ஏத்திக் கட்டினா போதும். இதோ கட்டிட்டேன். டைப் அடிக்கிறேன், பாரு.

— கையை நல்லா ஊணி அடி.

— ஊணித்தான் அடிக்கிறேன். முழுக் கழுத்தும் வரைஞ்சு முடிச்சாச்சு. முழிச்சிருக்கா?

— ஜோரா முழிச்சிருக்கு.

— அப்போ தூக்கு லேப்டாப்பை. கூட்டத்துக்கு இன்னும் பத்து நிமிஷம். ஓசின்னு சொன்ன அதே இடத்துல நீ நின்னு, லாக்ல இருக்கிற அந்த வரியைப் படிச்சுக் காட்டணும். எல்லாரும் கேக்கணும்.

— படிக்கிறேன். கோளாறைப் பிடிச்சது யாருன்னு கேட்டா, எங்க அக்கான்னு நெஞ்சை நிமித்திச் சொல்வேன். ஆனா பட்டையைச் செஞ்சது யாருன்னும் கேப்பாங்களே. அந்த ஆளும் அங்கேயே உக்காந்திருந்தா, அத்தனை பேர் முன்னாடி நான் எப்படிப் பேரைச் சொல்றது?

— அதுக்கும் என் பேரையே சொல்லுடா.